கடைசி வரிசையில் அமர்ந்த புனிதர்கள்

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பள்ளிக்கூடத்து வாயிலில் நின்று பார்த்திருக்கிறீர்களா, மாணவ நண்பர்களே? முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நின்று பார்த்தவன் நான். தேறியவர்கள் கூட்டமாக வருவார்கள், கூட்டமாகவே போவார்கள். தேறாதவன் தனியாக வருவான். அறிவிப்புப் பலகையை ஒருமுறை பார்ப்பான். தன் கண்ணைத் தானே நம்பாதவன் போல மறுமுறையும் பார்ப்பான். பிறகு வந்த வழியே திரும்பாமல், பின்புறத்து வேலியோரமாக நடந்து மறைந்துவிடுவான். அவ்வாறு போனவர்களிற் சிலரை நான் கூப்பிட்டு நிறுத்தியதுண்டு. கூப்பிடாமல் விட்டதும் உண்டு. இன்று நான் சொல்லப்போகும் வரலாறு அந்தப் பின்வழியாகப் போனவர்களுக்கு உரியது.

பொருளோ கிறித்தவப் புனிதர்களைப் பற்றியது. நான் பிறப்பால் சைவன். நாயன்மார் கதைகளைப் பாட்டியின் மடியிலிருந்து கேட்டு வளர்ந்தவன். ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் விடுதி நூலகத்தில் பழுப்பேறிய சில தமிழ் நூல்கள் என் கைக்கு வந்தன. புனிதர் என்று இன்று வழங்கும் சொல்லுக்கு முன்னைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'அர்ச்சியசிஷ்டர்' என்று எழுதுவர். நாவில் எளிதாக ஏறாத சொல். அச்சொல்லைப் போலவே அம்மனிதர்களும் நமக்கு எட்டாதவர்கள் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். கோயிற் சுரூபங்களில் அவர்களைத் தலையைச் சுற்றிய ஒளி வட்டத்தோடுதானே காண்கிறோம்? நூல்களைப் படித்தபோதுதான், அவர்களுட் சிலர் என் வகுப்பில் படித்திருந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள் என்பது தெரிந்தது. அற்புதங்களைப் பற்றிய பகுதிகளை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடுகிறேன். வரலாற்று மாணவனாக நான் எடுத்துக்கொள்வது எஞ்சிய பகுதியை. அதுவே எனக்குப் போதும்.

முதலில் ஸ்பெயின் நாட்டு இஞ்ஞாசியாரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் பிறந்தது 1491ஆம் ஆண்டு. 1521இல் பம்பலோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, லொயோலாவிலிருந்த தம் வீட்டில் பல மாதங்கள் படுக்கையிற் கிடந்தார். பொழுது போக வீரர் கதைகளைக் கேட்டார். அந்த வீட்டில் அத்தகைய நூல் ஒன்றும் இல்லை. இருந்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறும் மட்டுமே. வேறு வழியின்றிப் படித்தார். பிரான்சிஸும் தொமினிக்கும் செய்ததை நான் ஏன் செய்யக்கூடாது என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்குப் பிறந்தது. செய்ய முற்பட்டபோது கல்வி குறுக்கே நின்றது. இலத்தீன் மொழி தெரியாமல் அந்நாளில் உயர்கல்வி இல்லை. ஆகவே 33 வயதில், நொண்டும் காலோடு, பார்சலோனா நகரில் சிறுவர்களோடு இலக்கணம் படிக்க அமர்ந்தார். ஈராண்டு படித்தார். பின்னர் 1528இல் பாரிஸ் சென்றபோது அடிப்படை போதாது என்று உணர்ந்து, மீண்டும் சிறுவர்களோடு அதே இலக்கணத்தைப் படித்தார். எட்டாம் வகுப்பில் ஓராண்டு கூடுதலாகத் தங்கியதற்கே தலைகுனிகிறோமே, இந்த மனிதரை எண்ணிப் பாருங்கள்.

பாரிஸில் அவரோடு ஒரே அறையில் தங்கிய இளைஞருள் ஒருவர் பிரான்சிஸ் சவேரியார். அவரை நாம் அறிவோம். 1542இல் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது. பரதவ மக்களுக்கு அவர் மொழி தெரியாது. அறிந்தோரைக் கூட்டிவைத்து மந்திரங்களைத் தமிழில் பெயர்த்து, தாமே மனப்பாடம் செய்து, கையில் மணி அடித்துக்கொண்டு தெருவிற் சென்று பிள்ளைகளைக் கூட்டியதாகத் தம் கடிதத்தில் எழுதுகிறார். பாரிஸில் படித்துப் பட்டம் பெற்றவர், நம் மணற்கரையில் மீண்டும் முதல் வகுப்பு மாணவரானார்.

இவர்கள் இருவரும் பிற்காலத்திலேனும் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள். எனக்கு இவர்களைவிட நெருக்கமானவர் பட்டம் பெறாத ஒருவர். அவர் பெயர் ஜான் மரி வியான்னி. பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு அண்மையிலுள்ள தார்தில்லி என்ற சிற்றூரில் 1786ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு மூன்று வயதாகும்போது பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. கோயில்கள் மூடப்பட்டன, அரசுக்குச் சூளுரைக்க மறுத்த குருமார் மறைந்து வாழ்ந்தனர். வியான்னி முதன்முதலாக நற்கருணை பெற்றது 1799இல், ஒரு வீட்டின் அறையில். உள்ளே எரியும் மெழுகுவத்தி ஒளி வெளியே தெரியாதபடி, சன்னல்களுக்கு எதிரே வைக்கோல் வண்டிகளை நிறுத்தி மறைத்திருந்தார்கள். அச்சிறுவன் ஆடு மேய்த்தான். வயலில் மண்வெட்டி பிடித்தான். பள்ளிக்குப் போனது வேலை இல்லாத குளிர்காலங்களில் மட்டும். பேச்சு வழக்கோ லியோன் பகுதி நாட்டுப்புறத்தாருடையது. பாரிஸ் நகரத்துப் பிரெஞ்சு அன்று. இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இருபது வயதளவில் அவர் குருத்துவம் பெற விரும்பி, அருகிலிருந்த எக்குல்லி என்ற ஊரில் பாலே அடிகளிடம் படிக்கச் சேர்ந்தார். உழைத்துக் காய்த்த கையில் எழுதுகோல் நிற்கவில்லை. இலத்தீன் சொற்கள் மாலையில் ஏறி மறுநாட் காலையில் இறங்கிவிட்டன. உடன் படித்தவர்களுள் மத்தியாஸ் லோராஸ் என்ற சிறுவன் அவரைவிட ஆறு வயது இளையவன், கூர்மையான அறிவினன். வியான்னிக்குப் பாடம் விளக்கிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் பொறுமை இழந்து எல்லோர் முன்னிலையிலும் கன்னத்தில் அறைந்துவிட்டான். வளர்ந்த உழவர் மகன் திருப்பி அடித்திருக்கலாம். அவரோ அச்சிறுவன் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார் என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். சிறுவன் அழுதுவிட்டான், இருவரும் வாழ்நாள் நண்பராயினர். அந்த லோராஸ் பின்னர் அமெரிக்காவில் துபூக் நகரின் முதல் ஆயரானார்.

மனம் உடைந்த வியான்னி லா லூவெஸ் என்ற மலையூருக்கு நடந்தே போனார். அங்கே 1640இல் இறந்த பிரான்சிஸ் ரேஜிஸ் என்ற புனிதரின் கல்லறை இருக்கிறது. வழியில் பிச்சையெடுத்தே உண்பது என்று நேர்ந்துகொண்டார்; நாடோடி என்று எண்ணிக் கதவடைத்தவர் பலர். திரும்பி வந்தபின் பாடம் முற்றும் எளிதாகிவிட்டதென்று யாரும் எழுதவில்லை. மனம் தளராத அளவுக்கு எளிதாயிற்று என்றே எழுதுகிறார்கள். அந்த அளவான சொல்லை நான் மிக மதிக்கிறேன்.

1809இல் நெப்போலியனின் படைக்கு அழைப்பு வந்தது. குருமாணவர்க்கு விலக்கு உண்டு. அப்பட்டியலில் அவர் பெயர் இல்லை. நோயுற்று மருத்துவமனையில் கிடந்தார். தேறியபின் தம் பிரிவைத் தவறவிட்டார். வழியில் கண்ட ஓர் இளைஞனைப் பின்தொடர்ந்து, படையை விட்டு ஓடியவர் ஒளிந்திருந்த மலைக்காட்டுச் சிற்றூரைச் சேர்ந்தார். அங்கே வேறு பெயரில் ஓராண்டுக்கு மேல் மறைந்திருந்தார். எழுத்தறியாத ஊர்ப்பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தார். 1810இல் பொது மன்னிப்பு வந்தது. தம்பி அவருக்குப் பதிலாகப் படையிற் சேர்ந்தார். தம்பி வீடு திரும்பவில்லை. புனிதர் வரலாறு எழுதுவோர் இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதுண்டு. எனக்கு அது வேண்டியதில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவர் படிப்புக்காக மற்றொருவர் இழந்ததை நம் வீடுகளிலும் கண்டிருக்கிறோம்.

1812இல் வெரியேர் என்ற ஊரின் சிறிய குருமடத்தில் சேர்ந்தார். வயது 26, உடன் படிப்போரில் பலர் சிறுவர். அங்கே மற்றொரு மாணவர் இருந்தார். மார்சலின் ஷம்பாஞா என்பது அவர் பெயர். பிறந்தது 1789இல், மார்லே என்ற மலையூர்ப் பகுதியில். சிறு வயதில் பள்ளிக்குச் சென்ற முதல் நாளே ஆசிரியர் வேறொரு பையனைக் கன்னத்தில் அறைவதைக் கண்டு, இனி அங்கே போகமாட்டேன் என்று வீடு திரும்பியவர். ஒரே நாள், ஓர் அடி, அதுவும் தன்மேல் விழாத அடி. அதற்காக ஒரு பிள்ளையின் படிப்பு பத்தாண்டு தள்ளிப்போயிற்று. ஆசிரியர்கள் இதைப் படித்துவிட்டு ஒரு நாள் தூங்காமலிருந்தாலும் தவறில்லை. 1805இல் இதே குருமடத்திற் சேர்ந்த அவரை, முதலாண்டு முடிவில், படிப்பு ஏறவில்லை. திரும்ப வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டனர். தாய் அவரை அழைத்துக்கொண்டு போன இடமும் லா லூவெஸ்தான். ஒருவரையொருவர் அறியாமல், தேறாத இரு மாணவர் ஒரே கல்லறையின் முன் மண்டியிட்டிருக்கிறார்கள்! ஷம்பாஞா மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1817ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் லவல்லா என்ற மலைப்பங்கில் இரண்டு இளைஞரை வைத்து ஆசிரியத் துறவியர் சபை ஒன்றைத் தொடங்கினார். மாரிஸ்ட் சகோதரர் என்ற பெயரில் அது பல நாடுகளில் பள்ளிகள் நடத்துகிறது. பிள்ளைகளை அடித்துக் கற்பிப்பதை அவர் விரும்பவில்லை. காரணம் சொல்ல வேண்டுமா? 1999இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

வியான்னியின் செய்திக்குத் திரும்புவோம். 1813இல் லியோன் நகரத்துப் பெரிய குருமடம். பாடம் நடத்துவது இலத்தீனில். வினாவும் விடையும் இலத்தீனில். வினாவே புரியாதவர் விடை எங்ஙனம் சொல்வார்? அவர் பெயருக்கு எதிரே 'தெபிலிஸ்ஸிமுஸ்' என்று எழுதினர் என்பர். மிகமிக வலுவற்றவர் என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். சில மாதங்களில் அவரை அனுப்பிவிட்டனர்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். நான் தலைமையாசிரியரான புதிது. எட்டாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் அவனுக்கு ஏறவில்லை. தந்தை ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு என்னைக் காண வந்தார். மேல்துண்டை இடுப்பிற் கட்டிக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. "இவனுக்குப் படிப்பு வராது ஐயா, ஏதாவது தொழிலுக்கு அனுப்புங்கள்" என்றேன். அவர் தலையசைத்தார். பையன் என்னைப் பார்க்கவில்லை; என் மேசையிலிருந்த உலக உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் முதல் வரவில்லை. வகுப்பிலே அந்த உருண்டையில் எந்த நாட்டைக் கேட்டாலும் அவன் விரல் தவறாமல் போய் நிற்கும் என்பதைப் பல மாதங்கள் கழித்துப் புவியியல் ஆசிரியர் சொல்லக் கேட்டேன். அவனுக்கு நானும் ஒரு 'தெபிலிஸ்ஸிமுஸ்' எழுதியவன்.

லியோன் குருமடத்தாருக்கும் எனக்கும் இல்லாத ஒன்று பாலே அடிகளிடம் இருந்தது. அவர் தம் மாணவரை விடவில்லை. அதே பாடத்தைப் பிரெஞ்சு மொழியில் சொல்லிக்கொடுத்தார். பிறகு தாமே லியோனுக்குச் சென்று, எக்குல்லிக்கு வந்து சோதித்துப் பாருங்கள் என்று மன்றாடினார். தேர்வாளர் வந்தனர். பழகிய அறை, பழகிய முகம், தாய்மொழி வினா. வியான்னி நன்றாகவே விடையளித்தார். நண்பர்களே, முன்பு வினவியதும் அதே பாடம்; விடை சொல்ல முடியாமற் போனவரும் அதே மனிதர். மாறியது மொழியும் இடமுமே. அறிவில்லை என்று எழுதப்பட்டவருக்கு இல்லாமற் போனது காலமும் மொழியுந்தான் அல்லவா? வேற்று மொழியில் வினாத்தாளை வாங்கிக்கொண்டு விழிக்கும் நம் பிள்ளைகளை எண்ணி இதைச் சொல்கிறேன்.

லியோன் பேராயர் பெஷ் நெப்போலியனின் மாமன் முறையினர். அப்போது அவர் நாட்டை விட்டு வெளியேறியிருந்தார். அவர் இடத்தில் முடிவு செய்யவேண்டிய முதன்மைக் குரு, இவர் பக்தியுள்ளவரா என்று கேட்டாராம், உள்ளவர் என்றனர், அப்படியானால் எஞ்சியதைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று ஒப்பினாராம். 1815ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், வாட்டர்லூப் போர் முடிந்து இரண்டு திங்களில், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிரெனோபில் நகருக்குத் தனியாக நடந்து சென்று, 13ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். வழியில் ஆஸ்திரியப் படைவீரர் நிறுத்தி நிறுத்திச் சோதித்தனர். பட்டம் பெற்ற பிறகும் பாவசங்கீர்த்தனம் கேட்கும் உரிமையை, அதாவது மக்கள் தம் குற்றங்களைச் சொல்லக் கேட்டு மன்னிப்பு வழங்கும் உரிமையை, உடனே தரவில்லை. சில மாதங்கள் கழித்தே தந்தனர். முதன்முதலாக அவர் முன் மண்டியிட்டுத் தம் குற்றங்களைச் சொன்னவர் யார் தெரியுமா? ஆசிரியர் பாலே அடிகள். அவர் 1817 திசம்பரில் இறந்தார்.

1818 பிப்ரவரியில் வியான்னி ஆர்ஸ் என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார். ஏறத்தாழ 230 பேர் வாழ்ந்த ஊர். பெரிய பங்குகளை அவருக்குக் கொடுக்கத் துணியவில்லை போலும். மறையுரையை வாரம் முழுதும் எழுதி, மனப்பாடம் செய்து, ஞாயிற்றுக்கிழமை மேடையேறி, நடுவிலே மறந்து, பேசாமல் இறங்கி வந்ததும் உண்டு. பேச்சுப் போட்டியில் மறந்துபோய் நின்ற மாணவர் இதைக் குறித்துக்கொள்ளலாம். 1824இல் ஏழைப் பெண்பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். கற்பிப்பதற்கு வெளியூரிலிருந்து ஆள் தேடவில்லை. தம் ஊர்ப் பெண்கள் இருவரைப் பயிற்சிக்கு அனுப்பி ஆசிரியராக்கினார்.

எல்லாம் போற்றத்தக்கவை என்று நான் சொல்லமாட்டேன். ஊர் நடனங்களின் மீதும் மதுக்கடைகளின் மீதும் அவர் காட்டிய கண்டிப்பு சில வேளை அளவுக்கு மிஞ்சியது. வாரத்துக்கு வேண்டிய உருளைக்கிழங்கை ஒரே நாளில் அவித்து வைத்துக்கொண்டு அதையே தின்று நோன்பிருந்தார். வளரும் பிள்ளைகள் அதைப் பின்பற்றவேண்டா.

அவர் பெயர் பரவப் பரவ அண்டை ஊர்க் குருமார் சிலர் பொறாமை கொண்டனர். இவர் கல்லாதவர், பங்கு நடத்தத் தகுதியற்றவர் என்று ஆயருக்கு ஒரு முறையீடு எழுதிச் சுற்றுக்கு விட்டனர். அது தவறிப்போய் வியான்னியின் கையிலேயே வந்து சேர்ந்தது. படித்தார், உண்மைதான் என்று தாமும் கையெழுத்திட்டு அனுப்பிவைத்தார்! லியோன் குருமடத்தில் எழுதப்பட்ட அச்சொல் அவர் உள்ளத்தை விட்டு ஒரு நாளும் நீங்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கிடையே நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி முதல் பதினாறு மணி வரை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து மக்கள் துயரைக் கேட்டார். இறுதிக் காலத்தில் ஆண்டுக்கு 80,000 முதல் 1,00,000 பேர் வரை வந்ததாகக் கணக்கிடுவர். ஆர்ஸ் வருவோர்க்கென்று லியோன் புகைவண்டி நிலையத்தில் தனியாகச் சீட்டு வழங்கினர். அச்சீட்டு எட்டு நாள் செல்லும். அவரைக் காண அத்தனை நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. கல்வியாளர்களும் ஆயர்களும் உழவர்களோடு வரிசையில் நின்றனர். 1859 ஆகஸ்டு 4ஆம் நாள் அவர் மறைந்தார். 1925இல் புனிதர் பட்டமும், 1929இல் பங்குக் குருமார் அனைவர்க்கும் பாதுகாவலர் என்ற பெயரும் வழங்கப்பட்டன.

ஆனால் என் மனத்தில் நிற்பது பட்டம் வழங்கிய நாள் அன்று. இத்தனை பேர் தேடி வந்தபோதும், இப்பணிக்கு நான் போதேன் என்ற அச்சம் அவரைப் பிடித்தே இருந்தது. ஆர்ஸை விட்டுப் பலமுறை போக முயன்றார். 1843இல் ஓர் இரவு தம் பிறந்த ஊருக்கே போய்விட்டார். மக்கள் அங்கும் தேடிச் செல்லவே, சில நாளில் திரும்பினார். 1853 செப்டம்பரில் மீண்டும் நள்ளிரவில் புறப்பட்டார். வயது 67. துணைக்குரு விழித்துக்கொண்டார், அவருடைய செப நூலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு காலம் கடத்தினார். யாரோ கோயில் மணியை அடித்தார்கள். தீப்பிடித்ததோ, திருடன் வந்தானோ என்று கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மக்கள் ஓடிவந்தனர். செய்தி அறிந்ததும் வழியை அடைத்து நின்று கெஞ்சினர். வெளியூரிலிருந்து வந்து காத்திருந்தவர்கள் தங்கள் முறை வரவில்லையே என்று அழுதனர். முதியவர் சிறிது நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோயிலுக்குள் சென்று, தம் இடத்தில் உட்கார்ந்து, முதலில் நின்றவரை வரச் சொன்னார்.